சோலோ அண்ட் என்செம்பிள்: டெக்சஸ் தமிழ்ப் பெற்றோர் வருடா வருடம் கேட்கும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "சோலோ அண்ட் என்செம்பிள்னு ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க, கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டணுமாம், என்னது அது?" பள்ளி பேண்டிலும் ஆர்க்கெஸ்ட்ராவிலும் வாசிக்கும் பிள்ளைகள் தனியாகவோ (சோலோ), சின்னக் குழுவாகவோ (என்செம்பிள்) நடுவர் முன்னால் வாசித்து ரேட்டிங் வாங்கும் நிகழ்ச்சி அது. எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் கிளாரினெட், சின்னவன் செல்லோ. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஏழு வருடம் யாரோ ஒரு பள்ளிக்கூடத்து நடையில் ஜாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். விதிகளில் வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றம் வரும். அதனால் கடைசி வார்த்தை உங்கள் பிள்ளையின் பேண்ட் அல்லது ஆர்க்கெஸ்ட்ரா டைரக்டருடையது.

இது போட்டியா? முதல் பரிசு யாருக்கு?

முதல் பரிசு கிடையாது. இரண்டாம், மூன்றாம் பரிசும் கிடையாது. நம் ஊரில் பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி என்று வளர்ந்தவர்களுக்கு இதுதான் தலையில் ஏற நாளாகும். எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒரு அறைக்குள் போய் நடுவர் முன்னால் வாசிக்கும். "இவ்வளவு கடினமான பாட்டை இந்தத் தரத்தில் வாசிக்க வேண்டும்" என்று நடுவர் மனதில் ஓர் அளவுகோல் இருக்கும். அதை வைத்துத்தான் ரேட்டிங் போடுவார். முன்னால் வாசித்த பிள்ளையோடோ அடுத்து வரப்போகிற பிள்ளையோடோ ஒப்பிடுவதில்லை. ஒரே அறையில் காலையிலிருந்து வாசித்த இருபது பேருக்கும் மேல் ரேட்டிங் கிடைக்கலாம், ஒருவருக்கும் கிடைக்காமலும் போகலாம்.

முன்பு இப்படி இல்லை. 1923இல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் தேசியப் பள்ளி பேண்ட் போட்டி நடந்தபோது வரிசைதான் போட்டார்கள். ஒஹையோ மாநிலத்து ஃபோஸ்டோரியா என்ற சின்ன ஊர்ப் பள்ளி முதலிடம் வாங்கியது. பின்னால் நின்று நடத்தியவர்கள் வாத்தியம் செய்து விற்கும் கம்பெனிக்காரர்கள். ஒரு பள்ளி ஜெயித்தால் பத்துப் பள்ளி தோற்க வேண்டும் என்ற ஏற்பாடு ஆசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. 1930களில் வரிசையை விட்டுவிட்டுத் தர ரேட்டிங்குக்கு மாறினார்கள். இன்றைக்கு நாம் பார்ப்பது அதன் தொடர்ச்சிதான்.

டிவிஷன் ஒன்று, கிளாஸ் ஒன்று என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. எல்லாரும் குழம்புகிற இடம் இது.

கிளாஸ் என்பது பாட்டின் கடினம். டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்துவது யுஐஎல், அதாவது யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் 1910இலிருந்து இயங்குகிறது. சோலோக்களை அவர்கள் மூன்று கிளாஸாகப் பிரிக்கிறார்கள். ஒன்றாம் கிளாஸ்தான் மிகக் கடினம், மூன்றாவது எளிது. பள்ளி வகுப்பு மாதிரி ஒன்றிலிருந்து மேலே ஏறும் என்று நினைத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை "நீ கிளாஸ் ஒன்றில் ஆரம்பி" என்று சொன்ன அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

டிவிஷன் என்பது பிள்ளை வாசித்த தரம். ஒன்று என்றால் சூப்பீரியர், இரண்டு எக்ஸலென்ட். அங்கிருந்து கீழே ஐந்து வரை இறங்கும். நான்கும் ஐந்தும் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. மூன்று எப்போதாவது வரும். மெடல் டிவிஷன் ஒன்றுக்கு. ஆக, "கிளாஸ் இரண்டில் டிவிஷன் ஒன்று" என்றால் நடுத்தரக் கடினமுள்ள பாட்டை மிக நன்றாக வாசித்தாள் என்று அர்த்தம்.

எந்தப் பாட்டை வேண்டுமானாலும் வாசிக்கலாமா?

யுஐஎல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரிஸ்கிரைப்டு மியூசிக் லிஸ்ட் என்பதைச் சுருக்கி எல்லாரும் பிஎம்எல் என்பார்கள். அவர்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். வாத்தியம், கிளாஸ், பாட்டின் பெயர், எழுதியவர், பதிப்பகம், எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். மூன்று பகுதி உள்ள சொனாட்டாவில் "முதல் பகுதி மட்டும்" என்றோ "இரண்டும் மூன்றும்" என்றோ போட்டிருக்கும். தவறான பகுதியை எவ்வளவு அழகாக வாசித்தாலும் செல்லாது.

எந்த கிளாஸில் சேர்ப்பது நல்லது?

டைரக்டர் சொல்வதில். அவர் இரண்டு என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பையன் ஒன்று வாசிக்கிறான் என்றால், உங்கள் பிள்ளைக்கு இரண்டுதான்.

மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா?

மாநில அளவுக்குப் போக நினைத்தால் ஆமாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை, வட்டார அளவில், ஒன்றாம் கிளாஸ் சோலோவை நோட்ஸ் பார்க்காமல் வாசித்து, டிவிஷன் ஒன்று வாங்கினால், ஆஸ்டின் பக்கம் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடக்கும் மாநில சோலோ என்செம்பிள் போட்டிக்குத் தகுதி. வாத்தியத்துக்கு வாத்தியம் சில நுணுக்கங்கள் உண்டு. சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டையே எழுதி வைத்துப் பாடாத ஊரிலிருந்து வந்த நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் வாத்தியத்தைக் கையில் எடுத்த நாள் முதல் ஸ்டாண்டில் தாளை வைத்து, கண்ணால் படித்தே பழகியவர்கள். தாளை எடுத்துவிட்டால் கையை எங்கே வைப்பது என்பதே மறந்துபோகிறது. என் மகள் கண்டுபிடித்த வழி: பாட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி மனப்பாடம் செய்தாள். முன்பக்கம் தினமும் வாசித்துத் தானாகவே பதிந்துவிடும். தடுமாறுவது எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான்.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகலாமா?

கூடாது. மற்ற எல்லா விதிகளையும் விட அதிகப் பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நடுவருக்கு முன்னால் அச்சடித்த மூலப் பிரதி ஒன்று வைக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கியது. பள்ளி நூலகத்துடையதாகவும் இருக்கலாம். இணையத்தில் வாங்கித் தரவிறக்கி அச்சடித்திருந்தால் வாங்கிய ரசீதையும் கூட வையுங்கள். காரணம் காப்புரிமைச் சட்டம். பதிப்பகத்தார் வழக்குப் போட்டால் போட்டி நடத்துகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள், அதனால் இதில் யாரும் இரக்கம் காட்டுவதில்லை.

"பாட்டு எழுதியவர் இறந்து இருநூறு வருடம் ஆகிவிட்டதே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பாட்டு பொதுச் சொத்துதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் பதிப்பில் ஒருவர் விரல் குறிப்பு, மூச்சுக் குறி, பியானோ பகுதி எல்லாம் புதிதாகப் போட்டிருப்பார். அந்தப் பதிப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். அமெரிக்காவில் 95 வருடத்துக்கு முன் வெளிவந்த பழைய பதிப்பையே இணைய நூலகத்திலிருந்து எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. அது பழைய பதிப்பு என்று காட்டும் முகப்புப் பக்கத்தையும் சேர்த்து அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். மகளின் இரண்டாம் வருடம். மூலப் பிரதி பியானோ வாசிப்பவரிடம், அவளிடம் ஜெராக்ஸ், நடுவருக்கு இன்னொரு ஜெராக்ஸ். அறை வாசலில் நிற்கும் மாணவத் தொண்டர் தாளைப் பார்த்தார், பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாக "இது காப்பி போலிருக்கிறதே" என்றார். எட்டு நிமிடம் இருந்தது. பியானோ வாசிப்பவர் வேறொரு அறையில் வேறொரு பிள்ளைக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே வரும் வரைக்கும் அந்தக் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். பிரதி கிடைத்தது. வாசித்தாள். ஆனால் உள்ளே நுழையும்போதே அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, என்னைத் தவிர. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பாட்டுக்கும் இரண்டு மூலப் பிரதி.

பார் எண் போடச் சொல்கிறார்களே, எதற்கு?

பார் என்பது நோட்ஸ் தாளில் செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டமும். நடுவர் "38ஆவது பாரில் தாளம் ஓடுகிறது" என்று எழுதுவார். எண் இல்லாவிட்டால் அவர் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். நடுவரின் பிரதியில் ஒவ்வொரு பாருக்கும் பென்சிலால் எண் போடுங்கள். வரிக்கு முதல் பார் மட்டும் போதுமா என்பதை உங்கள் வட்டார அறிவிப்பில் பாருங்கள். முந்தின நாள் இரவே போடுங்கள். கார் நிறுத்துமிடத்தில் மடியில் வைத்துப் போட்டால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டு, அதற்கப்புறம் எல்லா எண்ணும் தப்பாகப் போகும்.

பியானோ பக்கவாத்தியத்துக்கு யாரைப் பிடிப்பது?

பள்ளியில் பெரும்பாலும் ஒரு பட்டியல் தருவார்கள். நல்லவர்கள் டிசம்பரிலேயே நிரம்பிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டணம், ஒத்திகைக்கும் சேர்த்து. இரண்டு ஒத்திகையாவது வேண்டும். பதிவு செய்த பக்கவாத்தியத்தை ஒலிபெருக்கியில் போட்டு வாசிக்கச் சில போட்டிகளில் அனுமதி உண்டு. என் அபிப்பிராயம், முடிந்த வரை மனிதரே வாசிக்கட்டும். பிள்ளை பதற்றத்தில் ஒரு வரியைத் தாண்டிக் குதித்தால் நல்ல பியானோக்காரர் அடுத்த நொடியே அங்கே வந்து சேர்ந்துகொள்வார். மிருதங்க வித்வான் பாடகரை விட்டுப் பிரியாமல் போவதில்லையா, அது மாதிரி. பெட்டி அப்படி வராது.

அன்றைக்கு என்னதான் நடக்கும்?

ஒரு சனிக்கிழமை. வட்டாரத்தில் ஏதோ ஒரு உயர்நிலைப் பள்ளி. உணவுக்கூடத்தில் இருநூறு பிள்ளைகள் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். காதுக்குப் பழக அரைமணி பிடிக்கும். வார்ம்-அப் அறை ஒன்று ஒதுக்கியிருப்பார்கள். அங்கே தயாராகிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அறை வாசலுக்குப் போய் நிற்க வேண்டும்.

அறை என்பது சாதாரண வகுப்பறைதான். மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளியிருப்பார்கள். வெள்ளைப் பலகையில் வெள்ளிக்கிழமை நடத்திய அல்ஜிப்ரா அழிபடாமல் இருக்கும். ஆசிரியர் மேசையில் நடுவர், கையில் பென்சில், பக்கத்தில் காபி. பிள்ளை பெயரும் பாட்டின் பெயரும் சொல்லி, பிரதியை மேசையில் வைத்து, பியானோவிடம் சுருதி கேட்டுச் சரிசெய்துகொண்டு வாசிக்க வேண்டும். உள்ளே போய் வெளியே வர மொத்தம் பத்து நிமிடத்துக்குள். சில நடுவர்கள் முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசுவார்கள். சிலர் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருப்பார்கள். அதில் ஒன்றும் அர்த்தம் தேட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிப்ரவரியில் காரின் டிக்கியில் கிடந்த கிளாரினெட்டையோ புல்லாங்குழலையோ எடுத்தவுடன் வாசித்தால் சுருதி கீழே நிற்கும். குளிர்ந்த குழலில் சுருதி இறங்கும், சூடேற ஏறும். பியானோ அசையாது. வாத்தியத்தைக் காருக்குள் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். நடையில் காத்திருக்கும்போதும் குழலுக்குள் மூச்சை மட்டும் விட்டுச் சூடாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நடுவர் எதைக் கேட்டு முடிவு செய்கிறார்?

தாளில் தலைப்புகள் இருக்கும்: நாதம், சுருதி, தாளம், கைத்திறம், பாவம் என்று நம் மொழியில் சொல்லலாம். நடை, தோற்றம், பாட்டுத் தேர்வு ஆகியவையும் ஓரமாக வரும்.

பெற்றோர் கைத்திறத்தையே பார்க்கிறோம். வேகமாக வாசித்தால் நம் முகம் மலரும். நடுவர் அப்படி இல்லை. முதல் நீளமான சுரத்திலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிடும்: மூச்சு வயிற்றிலிருந்து வருகிறதா, சுரம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் சுத்தமாக இருக்கிறதா என்று.

மகள் பத்தாம் வகுப்பில் வாசித்தது இசையமைப்பாளர் வேபர் 1811இல் எழுதிய கிளாரினெட் கான்செர்டினோ. மெதுவாகத் தொடங்கி, பிறகு ஒரு அழகான மெட்டும் அதன் மேல் வேகமான மாறுபாடுகளும் வரும். நான்கு மாதம் அந்த வேகப் பகுதிகளைத்தான் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து அடித்துத் துவைத்தாள். கீழ்வீட்டுக்காரர் இருந்திருந்தால் காலி செய்திருப்பார். அன்றைக்கு ஒரு சுரம் தவறவில்லை. வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டோம். மதியம் ரேட்டிங் ஒட்டினார்கள்: இரண்டு.

எனக்குக் கோபம். சாயங்காலம் டைரக்டரிடமிருந்து நடுவர் தாள் வந்தது. வேகப் பகுதிக்கு எதிரே "நன்று, சுத்தம்" என்று ஒரே வரி. மெதுவான தொடக்கத்துக்கு எதிரே ஏழெட்டு வரி. ஒவ்வொரு நீளச் சுரமும் அடங்கும்போது சுருதி மேலே ஏறுகிறது, பியானோவோடு உரசுகிறது, கேட்கவில்லையா என்று எழுதியிருந்தார். எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் முதலில் புரியவில்லை. பிறகு தன் தனி ஆசிரியரிடம் கேட்டாள். கிளாரினெட்டில் மெல்ல ஊதினால் சுருதி ஏறும், உரக்க ஊதினால் இறங்கும். புல்லாங்குழலுக்கு நேர்மாறு. வாத்தியத்தின் சுபாவம் அது. உதட்டாலும் மூச்சாலும் அதைச் சமன் செய்துகொள்ள வேண்டும், அதற்கு முதலில் காதால் கவனிக்க வேண்டும். வேகத்தில் மறைந்துபோகிற குறை நீளச் சுரத்தில் நிர்வாணமாக நிற்கும்.

அடுத்த வருடம் தினமும் முதல் பத்து நிமிடம் சுருதி காட்டும் ட்யூனரை ஸ்டாண்டில் வைத்து ஒரே சுரத்தை உரக்கத் தொடங்கி ஒன்றுமில்லாமல் போகும் வரை ஊதினாள். முள் நடுவிலேயே நிற்க வேண்டும். பக்கத்து அறையில் இருந்து கேட்டால் சுருதிப் பெட்டி வாங்கிவிட்டோமோ என்று தோன்றும். அந்த ஒரு தாளை அவள் இன்னும் கிளாரினெட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறாள். மெடல்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு நடுவரா? அவர் யார்?

வட்டாரச் சோலோவில் பெரும்பாலும் அறைக்கு ஒருவர்தான். வேறு வட்டாரத்துப் பேண்ட் டைரக்டர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், தொழில்முறைக் கலைஞர்கள் வருவார்கள். உங்கள் பிள்ளையின் வாத்தியமே அவருடைய வாத்தியமாகவும் இருக்கும் என்ற கட்டாயமில்லை. ஓபோ வாசிப்பவர் கிளாரினெட்டைக் கேட்கலாம். அப்படி வந்தால் விரல் நுணுக்கம் பற்றிக் குறைவாகவும், பாட்டின் போக்கு பற்றி நிறையவும் எழுதுவார். கெடுதல் இல்லை.

ரேட்டிங் தவறு என்று நினைத்தால் முறையிடலாமா?

காதால் கேட்டுச் சொன்ன தீர்ப்புக்கு முறையீடு கிடையாது. நடுவர் சொன்னது சொன்னதுதான். நேரம் தவறாகப் போட்டுவிட்டார்கள், தவறான பிள்ளையின் தாளில் ரேட்டிங் எழுதிவிட்டார்கள் என்பது போன்ற நிர்வாகக் குளறுபடி என்றால் டைரக்டர் மூலம் போட்டி அலுவலகத்துக்குப் போகலாம். அதுவும் அன்றைக்கே. பெற்றோர் நேராக நடுவர் அறைக்குள் போவது மட்டும் வேண்டாம். போனவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் பிள்ளை அடுத்த ஒரு மாதம் பேண்ட் ஹாலில் யார் கண்ணையும் பார்க்காமல் நடந்தான்.

என்செம்பிள் என்றால்? அதில் என்ன வித்தியாசம்?

நான்கு தந்தி வாத்தியம் சேர்ந்த குவார்டெட், புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் ஐந்தும் சேர்ந்த வுட்விண்ட் குவின்டெட், கிளாரினெட் மட்டுமே சேர்ந்த குழு என்று பல வகை. இப்படிப்பட்ட சின்னக் குழுவில் குச்சி பிடித்து நடத்த யாரும் கிடையாது. ஆசிரியர் வெளியே நிற்பார். பிள்ளைகளே மூச்சை எடுத்து, வில்லை அசைத்து, கண்ணைப் பார்த்துத் தொடங்க வேண்டும்.

நடுவர் இங்கே வேறு காதோடு கேட்கிறார். யார் மெட்டை வாசிக்கிறார், மற்றவர்கள் வழி விடுகிறார்களா என்பது ஒன்று. மெட்டு வயலினிலிருந்து வியோலாவுக்குப் போகும்போது வயலின்காரி இறங்கி வருகிறாளா என்பது இன்னொன்று. தனியாக வாசித்தால் நட்சத்திரமாக இருக்கும் பிள்ளை இதில் குழுவைக் கெடுப்பதுண்டு. என் மகன் சோலோவில் சுமார்தான். குவார்டெட்டில் உட்கார்ந்தால் வேறு ஆள். மற்ற மூன்று பேரும் அவன் செல்லோவின் மேல்தான் நிற்கிறார்கள், வீட்டுக்கு அடித்தளம் மாதிரி.

நடைமுறைத் தொல்லை ஒன்றுதான்: ஒத்திகை. நான்கு பிள்ளைகள், நான்கு நீச்சல் வகுப்பு, நான்கு தமிழ்ப் பள்ளி. நாட்காட்டியை ஒரு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நாங்கள் கண்ட வழி.

ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் வாசிக்க முடியாது என்பது உண்மையா?

உண்மை. "நோ பாஸ், நோ ப்ளே" என்பார்கள். 1984இல் டெக்சஸ் சட்டமன்றம் கொண்டுவந்தது. மதிப்பெண் கணக்கிடும் காலத்தின் முடிவில் எந்தப் பாடத்திலாவது 70க்குக் கீழே இருந்தால் பள்ளிக்கு வெளியே போட்டியிட முடியாது. மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால் தகுதி திரும்பும். ஒத்திகைக்குத் தடை இல்லை. சில மேல்நிலைப் பாடங்களுக்கு விலக்கு உண்டு, எவை என்று பள்ளி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கால்பந்துப் பையன்களுக்காகப் போட்ட சட்டம் என்று நினைத்து நம்மவர்கள் அலட்சியமாக இருப்பார்கள். குவார்டெட்டில் ஒரு பிள்ளை வேதியியலில் 68 வாங்கினால் நான்கு பேருக்கும் போச்சு.

பெண் கர்நாடக வயலினும் கற்கிறாள். இரண்டும் குழம்பாதா?

வாத்தியம் ஒன்று, பழக்கம் வேறு. நம்மவர் தரையில் சம்மணமிட்டு வயலின் தலையைக் காலில் தாங்குகிறார்கள். இடது கை தாராளமாக ஏறி இறங்கிச் சறுக்கும். இங்கே நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ, தாடையில் பிடித்து, சுரத்துக்குச் சுரம் தனித்தனியாக விரல் விழ வேண்டும். தந்தியின் சுருதியே வேறு. நாம் ச-ப-ச-ப என்று வைப்போம், அவர்கள் நான்கு தந்தியையும் பஞ்சம இடைவெளியில் அடுக்குவார்கள். அதனால் இரண்டு வயலின் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றையே திருகித் திருகி மாற்றினால் தந்தியும் போகும், பொறுமையும் போகும்.

நடுவர் காதில் நம் கமகம் கமகமாக விழாது. சுரத்துக்குச் சரியாகப் போகாமல் சறுக்குகிறாள் என்று சுருதித் தலைப்பின் கீழ் எழுதிவிடுவார். ஆனால் கர்நாடகம் கற்ற பிள்ளைகளுக்கு இரண்டு வரம் உண்டு. தாளம் உடம்பில் ஊறியிருக்கும், மனப்பாடம் பயமுறுத்தாது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் மேற்கிலிருந்து நம் மேடைக்கு வந்த வாத்தியம் அது. இரண்டு பக்கமும் அதற்குப் பழக்கம்தான். கீர்த்தனையைச் சோலோவாக வாசிக்க முடியுமா என்றால் முடியாது, பட்டியலில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும்.

ஆல்-ஸ்டேட் என்பதும் இதுதானா?

இல்லை, அது தனி. மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் குழு. டெக்சஸ் மியூசிக் எஜுகேட்டர்ஸ் அசோசியேஷன் நடத்துவது. பிள்ளை திரைக்குப் பின்னால் வாசிக்கும், பல நடுவர்கள் முகம் பார்க்காமல் கேட்டு வரிசை போடுவார்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கி வட்டாரம், ஏரியா என்று வடிகட்டி, தேறியவர்கள் பிப்ரவரியில் சான் அன்டோனியோவில் கூடுவார்கள். "என் பிள்ளை எத்தனையாவது?" என்று தெரிந்தே ஆக வேண்டிய பெற்றோருக்கு விடை அங்கே கிடைக்கும்.

வேறு மாநிலத்துக்கு மாறினால்?

எல்லாம் மாறும். நியூயார்க்கில் நிஸ்மா என்ற அமைப்பு ஆறு நிலை வைத்திருக்கிறது. அங்கே ஆறுதான் கடினம், நம் டெக்சஸ் கணக்குக்குத் தலைகீழ். சோலோவோடு ஸ்கேல் (சுர வரிசை) கேட்பார்கள், பார்த்திராத தாளைக் கொடுத்து அந்த இடத்திலேயே வாசிக்கச் சொல்வார்கள். முதல் நான்கு நிலைக்கு 28க்கு மதிப்பெண், மேல் இரண்டுக்கு நூற்றுக்கு. விஸ்கான்சினில் ஏ கிளாஸில் நட்சத்திரம் போட்ட ஒன்று வாங்கினால்தான் மாநிலத்துக்குப் போகலாம். மாறிப்போகும் ஊரின் டைரக்டருக்கு முதல் வாரமே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா?

ஒரு வரி எழுதலாம். அதற்காகச் சேர்க்காதீர்கள், பிள்ளைக்கு வாசனை தெரிந்துவிடும்.

பெற்றோர் அறைக்குள் போகலாமா? கைதட்டலாமா? வீடியோ?

பெரும்பாலும் உள்ளே உட்கார விடுவார்கள். நடுவில் கதவைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் மெல்லக் கைதட்டலாம். வீடியோவுக்கு வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள். சில பிள்ளைகள் அப்பா அம்மா உள்ளே இருந்தால் தடுமாறும். என் மகன் என்னை உள்ளே விட்டதே இல்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டால் செல்லோ இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

என்ன உடை?

கோயிலுக்குப் போகிற மாதிரி சுத்தமாக இருந்தால் போதும். புது ஷூ வேண்டாம்.

சாப்பாடு?

பள்ளி பேண்ட் பூஸ்டர்ஸ் என்ற பெற்றோர் குழுவினர் கடை போட்டிருப்பார்கள்: டாக்கோ, பீட்சா, சிப்ஸ், சோடா. சைவக்காரர்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது நிச்சயம் நல்லது. ஆனால் ஊதும் வாத்தியம் வாசிக்கிற பிள்ளைக்கு வாசித்து முடிக்கும் வரை தண்ணீர் மட்டும். சர்க்கரை கலந்த எதுவும் எச்சிலோடு குழலுக்குள் போய், துளைகளை மூடும் சாவிகளின் பேடில் ஒட்டிக்கொள்ளும். நடுப்பாட்டில் சாவி பச்சக்கென்று ஒட்டிக்கொண்டு சத்தம் போடும், ஊதும் முனையில் அதிரும் ரீடும் கெடும். சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் வாயைக் கொப்பளித்துவிட்டு, முடிந்தால் பல்லும் தேய்த்துவிட்டு வாத்தியத்தைத் தொடச் சொல்லுங்கள். செல்லோக்காரர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, கையை நன்றாகக் கழுவினால் போதும். எங்கள் வீட்டில் ஒருவன் எலுமிச்சைச் சாதத்தை முடித்துவிட்டு மஞ்சள் விரலோடு உள்ளே போயிருக்கிறான், தந்தியில் இன்னும் லேசாகத் தெரியும்.